அன்னம் கிங்ஸ்பரியில், தண்டு ஈஸ்ட் ஹாமில்

லண்டனுக்கு என்னைக் கூப்பிட்டது பேசுவதற்காக. இஸ்ரேல், பாலஸ்தீனப் பிரச்சினையில் உலக நாடுகளின் சமரச முறைகள் காலத்துக்குக் காலம் எப்படி மாறின என்று நான் ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தேன். அதை அங்கே ஒரு தமிழ் வாசகர் வட்டம் படித்துவிட்டு, எழுதியவளையே வரவழைத்துக் கேட்போம் என்று முடிவு செய்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் அரசியல் பாடம் நடத்தியவள் நான். என் வகுப்பில் கடைசி பெஞ்சு தூங்கும், நடு பெஞ்சு கைபேசி பார்க்கும். கடல் தாண்டி என் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் போய் இறங்கியபின் பேச்சைவிட அதிகமாக நான் மல்லுக்கு நின்றது ஒரு குத்துவிளக்கோடுதான்.

வட்டத்தின் தலைவர் சிவநேசன் வீட்டில், ஈஸ்ட் ஹாமில், தங்கினேன். எலக்ட்ரிஷியன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஜெர்மனிக்குப் போய், அங்கே பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கோபம் வந்தால் இன்னும் ஜெர்மன் மொழியில்தான் முணுமுணுக்கிறார். அவர் வீட்டு முன்னால் ஒரு கார் நிற்குமளவு சிமெண்ட் தரை இருக்கிறது. அதன் நடுவே சாலை வேலைக்காரர்கள் வைக்கும் ஆரஞ்சு நிறக் கோன் ஒன்று. கார் வந்தால் இறங்கி, கோனைப் பதமாகத் தூக்கி ஓரம் வைத்து, காரை விட்டு, வெளியே போகும்போது திரும்ப நடுவில் நட்டுவிட்டுப் போவார். "மகள் வந்தாலும் றோட்டிலதான் விடவேணும். இது எங்கட இடம்," என்றார். எங்கள் தெருவில் குழாயடிக்குக் குடம் போட்டு இடம் பிடிப்பார்கள். பிடித்த இடத்தை இவ்வளவு பயபக்தியோடு காக்கிறவரை இங்கேதான் பார்த்தேன்.

மதுரையில் நான் 'மேடம்'. ஈஸ்ட் ஹாமில் வாசற்படியிலேயே 'ரீச்சர்' ஆகிவிட்டேன். "வாங்கோ ரீச்சர், கை கழுவுங்கோ, புட்டு ஆறுது," என்று சிவநேசனின் மனைவி யோகா உள்ளே இழுத்தார். எங்கள் ஊரில் புட்டு என்றால் திருவிழாவுக்குத்தான். இங்கே அது வாரத்தில் பாதி நாள் காலைச் சாப்பாடு, கூடவே கண்ணில் நீர் வரவைக்கும் சம்பல். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவை கேட்காமலே வைத்தார்கள். ஒரே குறை, காபி கிடையாது. பெரிய கோப்பை நிறைய தேநீர். நல்ல தேநீர்தான், ஆனால் காபி குடித்துப் பழகிய தலைக்கு அது புரியவில்லை.

அந்த வரவேற்பறையில்தான் விளக்கைப் பார்த்தேன். ஆளுயரப் பித்தளைத் தண்டு, பாதம் பளபளவென்று துலக்கியிருந்தது. ஆனால் எண்ணெய் விடும் தகழியும் உச்சியில் அன்னமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பு. சுவிட்சைப் போட்டால் தீபம் மாதிரி நடுங்கியது.

"இதோட தலை எங்கங்க?" என்று கேட்டேன்.

சிவநேசன் ஜெர்மனில் ஏதோ சொன்னார். யோகா என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கதை இதுதான். முன்பு ஒரே வட்டம். சிவநேசன் தலைவர், யோகாவின் தங்கை பவானியின் கணவர் தவராசா செயலாளர். விளக்கு பெரியது என்பதால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதைக் கழற்றி இரண்டு காரில் கொண்டுபோவார்கள், மேடையில் பூட்டுவார்கள், முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொண்டுவருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆண்டுவிழாவில் முதல் திரியைத் தலைவர் ஏற்றுவதா, செயலாளர் அழைத்துவந்த கவுன்சிலர் ஏற்றுவதா என்று ஒரு பேச்சு வந்தது. பேச்சு சத்தமாகி, சத்தம் சண்டையாகி, விழா முடிந்தபோது வழக்கம்போல விளக்கு கழற்றப்பட்டு இரண்டு காரிலும் ஏறியிருந்தது. தண்டு ஈஸ்ட் ஹாமுக்குப் போனது. தகழியும் அன்னமும் கிங்ஸ்பரிக்குப் போயின. அதோடு வட்டமும் இரண்டாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே பெயர். இரண்டும் மற்றதை 'அந்தாக்கள்', அதாவது அந்த ஆட்கள், என்கின்றன.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?" என்று மறுபடி வரவேற்பறைக்கு வந்து கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

"என்ன கதைக்கிறியள் ரீச்சர்?" என்று சிவநேசன் எழுந்தே நின்றுவிட்டார். "புதுசு வாங்கினா எங்கட விளக்கை அவைக்கு விட்டுக்குடுத்த மாதிரி எல்லோ!"

இரண்டு அத்தியாயம் முழுக்க நான் விளக்கப் பாடுபட்ட விஷயத்தை இவர் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். பொருளைவிட உரிமை பெரிது. உரிமையை விட்டால் பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது? புத்தகத்தை ஏன் இவர்கள் இவ்வளவு ஆசையாகப் படித்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை தனியாக வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் கிளம்பினேன். என் புத்தகத்தின் முதல் பக்கம் தொடங்குவது அந்த வட்டாரத்தில்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் வெளியுறவு மந்திரி ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அடுத்தவர் வாழும் நிலத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை ஆதரிப்பதாக வாக்குக் கொடுத்த கடிதம். பிறகு அந்த நிலத்தை இவர்களே முப்பது வருஷம் போல ஆண்டார்கள். சமாளிக்க முடியாமல் கிளம்பிப் போனார்கள். போன இலையுதிர் காலத்தில் இதே நாடு பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது. வெளியுறவு அலுவலகத்தின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். கட்டடம் அமைதியாக இருந்தது. வாசலில் நின்ற காவலர், படம் எடுக்க வேண்டுமானால் அந்தப் பக்கம் நில்லுங்கள், வெளிச்சம் நன்றாக விழும் என்றார்.

பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தேன். குளிர்ந்துபோன இரண்டு ரொட்டி, நடுவில் வெள்ளரிக்காய். இந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு பாதி உலகத்தை ஆண்டிருக்கிறார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. ஒரு பெரியவர் வந்து, இங்கே உட்காரலாமா என்று கேட்டார். மடியில் இருந்த என் குறிப்புகளில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தான் இஸ்ரேலின் ஹைஃபாவில் பிறந்தவர் என்றார். நான் இன்னது செய்கிறேன் என்று சொன்னதும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பாவம் நீங்கள்," என்றார் ஆங்கிலத்தில். "எத்தனையோ திட்டம் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு புது மந்திரியும் அதே பக்கங்களை வேறு வரிசையில் அடுக்குகிறார், அவ்வளவுதான்."

அதையேதான் நானும் எழுதியிருக்கிறேன் என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சங்கு ஊதினால் இந்த வயசிலும் மாடிப்படி இறங்கிப் பதுங்கு அறைக்கு ஓட வேண்டும். போரில் அவள் பேரனின் சிநேகிதன் திரும்பி வரவில்லை. காசாவிலும் படி இறங்கி ஓடும் கிழவிகள் இருப்பார்கள், அங்கே பதுங்க அறைகூடக் கிடையாது என்று அவளே சொல்வாள். உங்கள் புத்தகத்தில் இந்தக் கிழவிகள் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்?"

நான் பொருளடக்கத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். வரவில்லை. என் சாண்ட்விச்சின் பாதியை அவரிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு மரியாதையாக மறுத்துவிட்டார்.

லண்டனைக் கால்நடையாகப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடந்ததில் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. யோகா வேலை செய்யும் பார்மசி, ஈஸ்ட் ஹாமை அடுத்த பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறது. நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அங்கே மருந்தாளராக இருந்த ஹனான் என்ற பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து பிளாஸ்டர் ஒட்டினார். பாலஸ்தீனத்தின் நாப்லூஸ் ஊர்க்காரி. எங்கள் ஊரில் மருந்துக்கடைக்காரர் பிளாஸ்டரை மேசை மேல் எறிவார். ஞாயிற்றுக்கிழமை நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பதை யோகா சொன்னதும் ஹனானின் கண் விரிந்தது. "எங்களைப் பற்றித் தமிழில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. வருகிறேன்," என்றார். பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்வதாக யோகா வாக்குக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், "ரீச்சருக்குச் சீலைக்கடை காட்டப் போறன்," என்றார் யோகா. மதுரைக்காரிக்கு லண்டனில் சீலைக்கடையா என்று நினைத்தேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நகைக்கடைகள், மளிகைக்கடைகள் எல்லாம் தாண்டி ஒரு கடையின் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பட்டுச்சேலைக் குவியலுக்குப் பின்னால் யோகா மாதிரியே ஒரு பெண், கொஞ்சம் மெலிந்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இவள்தான் பவானி, என்ர தங்கச்சி," என்றார் யோகா. "வெள்ளிக்கிழமையில இஞ்சதான் சந்திக்கிறனாங்கள். இரண்டு பேரின்ர மனுசன்மாருக்கும் தெரியாது."

ரகசியப் பேச்சுவார்த்தை! இதற்காக இஸ்ரேல்காரர்களும் பாலஸ்தீனர்களும் ஒரு காலத்தில் நார்வேவரை போனார்கள். இவர்களுக்கு ஒரு சேலைக்கடைப் பின்கட்டு போதுமானதாக இருந்தது. நான் சந்தோஷத்தில் கைதட்டப் போனேன். பவானியின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன்.

யோகாவின் மகள் அபிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அழைப்பு அச்சாகிவிட்டது. கிங்ஸ்பரிக்கு அழைப்பு கிடையாது என்பது சிவநேசனின் முடிவு. கூப்பிட்டாலும் போகக்கூடாது என்பது தவராசாவின் முடிவு.

"ஆறு வயசில அபி என்னட்டைக் கேட்டவள், 'சித்தி, நீங்கள்தான் எனக்குக் கூறைச் சீலை உடுத்திவிட வேணும்' எண்டு," என்றார் பவானி. கையில் இருந்த ஒரு சேலையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "அவள் மறந்திருப்பாள். எனக்குத்தான் மறக்க ஏலாமல் கிடக்கு."

"மறக்கேல்லை. நேற்றும் கேட்டவள்," என்றார் யோகா.

அக்காவும் தங்கையும் என்னிடம் கேட்டது சின்ன உதவி. தவராசாவும் என் பேச்சைக் கேட்க ஆசைப்படுகிறார், ஆனால் 'அந்தாக்களின்' கூட்டத்துக்கு எப்படி வருவது என்று தவிக்கிறார். நான் கிங்ஸ்பரிக்குப் போய் அழைத்தால் வருவார். விளக்கின் தலையோடு வந்தால் இரண்டு பேரும் மேடையில் ஒன்றாக நிற்க வேண்டிவரும். நின்றால் பேசித்தான் ஆக வேண்டும். பேசினால் கல்யாணத்துக்கு வழி பிறக்கும். படிப்படியாக நம்பிக்கையை வளர்ப்பது என்று இதற்கு எங்கள் பாடத்தில் பெயர். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைச் செய்து பார்க்க ஒரு வாய்ப்பு. உடனே ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை கிங்ஸ்பரிப் பயணம். ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு அமெரிக்க மந்திரி கெய்ரோவுக்கும் ஜெருசலேமுக்கும் டமாஸ்கஸுக்கும் விமானத்தில் மாறி மாறிப் பறந்து போர் நிறுத்தம் பேசினார். அவருக்குத் தனி விமானம் இருந்தது. எனக்கு இருந்தது யோகா கொடுத்த ரயில் அட்டை. வெஸ்ட் ஹாமில் மாறி ஜூபிலி லைனில் ஏறு, கிங்ஸ்பரியில் இறங்கு, நடுவில் எங்கேயும் இறங்காதே என்று ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினார். ஃபின்ச்லி ரோடில் எதிர்ப் பக்கம் வந்து நின்ற ரயில் காலியாக இருந்தது. எங்கள் ஊரில் காலிப் பஸ்ஸைப் பார்த்தால் கால் தானாக ஏறிவிடும். அப்படியே ஏறிவிட்டேன். அது கிங்ஸ்பரிக்குப் போகாத வேறு லைன். என்னைக் கொண்டுபோய் ஹாரோவில் விட்டது. அங்கிருந்து ஒரு பஸ் பிடித்து, பக்கத்துச் சீட்டில் ஒரு குஜராத்தி அம்மாள் கொடுத்த தேப்லா ரொட்டியைத் தின்றுகொண்டே, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

தவராசா உயரமான, ரொம்ப மரியாதையான மனிதர். என்னைத் தெரியாத மாதிரி பவானி பிரமாதமாக நடித்தார். பிறகு, ஐயோ, காபி கொண்டுவந்தார். நுரை பொங்க, உண்மையான டிகாக்‌ஷன் காபி. ஒரு வாய் குடித்ததும் கிங்ஸ்பரியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. நடுவர்களை இப்படித்தான் கெடுக்கிறார்கள்.

தவராசா லண்டனுக்கு முன் ஒஸ்லோவில் இருந்தவர். "இஸ்ரேல்காரரும் பாலஸ்தீனரும் ரகசியமாப் பேச்சு நடத்தேக்க நான் அங்க ஹோட்டல் கிச்சின்ல கோப்பை கழுவினனான்," என்றார். "பேப்பர்ல வந்த பிறகுதான் எனக்கும் தெரியும். எனக்கு அப்ப எவ்வளவு சந்தோசம்! நாங்கள் இருக்கிற ஊரில சமாதானம் செய்யினம் எண்டு. பேந்து இலங்கையில எங்கட சமாதானப் பேச்சுக்கும் அதே நாட்டுக்காரர்தானே வந்தவை." கோப்பையைத் திருப்பி வைத்தார். "இரண்டும் எங்க போய் முடிஞ்சது எண்டு ரீச்சருக்குச் சொல்லத் தேவையில்லை."

தேவையில்லைதான்.

அவர்களுடைய தகழியும் அன்னமும் சாமியறையில் இருந்தன. ஒரு தச்சரைக் கொண்டு அழகான மரத்தண்டு செய்து, அதன் மேல் திருகிவைத்திருந்தார்கள். பித்தளை கறுத்திருந்தது. நான் விஷயத்தைத் தொட்டேன்.

"எங்கட வட்டமும் ஒரு வட்டம்தான் எண்டு அண்ணை முதல் ஒத்துக்கொள்ளட்டும். பிறகு கதைப்பம்," என்றார் தவராசா.

சிவநேசனுக்கு போன் போட்டேன். "முதல் கதைக்கட்டும். ஒத்துக்கொள்ளுறதைப் பேந்து பாப்பம்," என்றார்.

முதலில் அங்கீகாரமா, முதலில் பேச்சா? பல வருஷம் மேற்கு நாடுகள் பாலஸ்தீனத்திடம் சொன்னது சிவநேசனின் வசனம். பேசி முடியுங்கள், கடைசியில் அங்கீகாரம் தருகிறோம் என்று. அண்மையில் சில நாடுகள் அதைப் புரட்டிப் போட்டு, கடைசிப் பரிசை முதலிலேயே கொடுத்துவிட்டன. ஆனால் இங்கே இரண்டு வீட்டுக்காரர்களையும் புரட்டிப் போட எனக்குத் தெம்பில்லை. எனவே, புத்திசாலி ராஜதந்திரிகள் செய்வதைச் செய்தேன். யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். விளக்கின் இரண்டு பாகத்தையும் இரண்டு பேரும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு நாளைக்கு விளக்கு என் பொறுப்பு.

"ரீச்சரிட்டைக் குடுக்கிறன். சிவநேசனிட்டை இல்லை," என்றார் தவராசா. "மேடையில எல்லாருக்கும் முன்னாலதான் பூட்டவேணும். முதல்ல ஒருதரும் பூட்டிப் பாக்கக் கூடாது." சிவநேசனும் போனில் அதையே சொன்னார். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரிசிப் பைக்குள் தகழியோடு அன்னத்தை வைத்து மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயிலில் திரும்பினேன். பையிலிருந்து மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த இளைஞன், என்ன போட்டியில் ஜெயித்தீர்கள் என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால், சிவநேசன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இரண்டு வட்டமும் வந்தன. நடுவில் வழி விட்டு, கல்யாணத்தில் பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். கிங்ஸ்பரிக்காரர்கள் கார் விட இடம் தேடி அலைந்து தாமதமாக, களைத்துப்போய் வந்தார்கள். ஈஸ்ட் ஹாம்காரர்கள் அதை ரசித்தார்கள். ஹனான் வந்து முன்வரிசையில் யோகாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிவநேசன் தண்டிலிருந்து பல்பைக் கழற்றினார். நான் தகழியோடு அன்னத்தைத் தூக்கித் தண்டின் மேல் வைத்துத் திருகினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை. மறுபக்கம் திருப்பினேன். அப்போதும் பிடிக்கவில்லை. கையை எடுத்ததும் அன்னம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூட்டத்தைப் பார்த்தது.

"பல்பு பூட்டேக்க திருகு மரையைக் கொஞ்சம் தேச்சனான்," என்றார் சிவநேசன், மெதுவாக.

"மரத்தண்டுக்கு எண்டு நானும் புது மரை வெட்டுவிச்சனான்," என்றார் தவராசா. அவரும் மெதுவாகத்தான் சொன்னார்.

எவ்வளவு யோசித்திருந்தேன்! யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் திரி ஏற்றுவது, யார் பெயரை முதலில் சொல்வது. இரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் தங்கள் பாகத்தைத் தங்கள் வசதிக்கு மாற்றியிருப்பார்கள் என்று மட்டும் தோன்றவில்லை. பல்பையும் பார்த்தேன், மரத்தண்டையும் பார்த்தேன், இரண்டையும் அழகு என்று வேறு சொன்னேன். பேச்சு இழுத்துக்கொண்டே போகும்போது தரையில் நிலைமை மாறிவிடும், பிறகு பழைய திட்டம் எதுவும் பொருந்தாது. மேற்குக் கரையில் மலை மேல் இஸ்ரேலியக் குடியிருப்புகள் பெருகப் பெருக வரைபடம் எப்படிக் கிழிந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

அதற்குள் இரண்டு பேரும் முகம் பார்க்காமலே சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள். "நீ வெட்டினதாலதான்!" "நீங்கள் தேச்சதாலதான்!" நாற்காலிகள் நகர்ந்தன. நான் மைக்கைப் பிடித்து, "விளக்கைக் கடைசியில் பார்ப்போம், இப்போது பேச்சு," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கஷ்டமான கேள்விகளை, ஜெருசலேமை, எல்லையை, அகதிகள் திரும்புவதை, எல்லாம் கடைசிக்குத் தள்ளிவைத்ததுதான் ஒஸ்லோ உடன்பாட்டின் பெரிய தவறு என்று அடுத்த பத்து நிமிஷத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் விளக்கைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஹால் முழுக்கச் சிரித்தது.

பேச்சு நன்றாகவே போனது. பெரிய நாடுகள் மேலிருந்து தீர்ப்புச் சொன்ன காலம், நிலத்தைக் கொடு, சமாதானத்தை வாங்கு என்ற காலம், ரகசியப் பேச்சு, கட்டம் கட்டமாகப் போட்ட வழித்திட்டம், பாலஸ்தீனர்களை ஓரம் வைத்துவிட்டு அக்கம்பக்க நாடுகளோடு உறவு வைத்தால் போதும் என்று நினைத்த காலம், இப்போது காசாவில் அத்தனை உயிர் போன பிறகு கெஞ்சிக் கெஞ்சிப் பெறும் போர்நிறுத்தங்களும் முன்கூட்டிய அங்கீகாரமும். ஹைஃபா பெரியவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். கூட்டம் குறுக்கே பேசவில்லை, யாரும் தூங்கவில்லை. 'மேற்பார்வைக் குழு', 'நல்லெண்ண நடவடிக்கை' என்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்கள். அந்தச் சொற்களை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்கள் ஊரில் ரேடியோவைக் காதில் வைத்து, அந்தச் சொற்களை நம்பியிருந்திருக்கிறார்கள்.

கேள்வி நேரத்தில் ஹனான் எழுந்தார். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்.

"உங்கள் இந்தியா எங்களை அங்கீகரித்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. இந்த நாடு இப்போது அங்கீகரித்திருக்கிறது. நல்லது, சந்தோஷம். என் சித்தி நாப்லூஸில் இருக்கிறார். என் அம்மா பக்கத்து ஊரில், மலைக்கு அந்தப் பக்கம். முன்பு ரொட்டி சுட்டால் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இப்போது காலையில் கிளம்பினால் சோதனைச் சாவடி திறந்திருக்குமா என்று தெரியாது, திறந்தால் மாலையில் திரும்ப விடுவார்களா என்று தெரியாது. போன பெருநாளுக்கும் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. உங்கள் புத்தகத்தில் உள்ள முறைகளில் எது அந்தப் பாதையைக் குறைத்திருக்கிறது?"

எதுவும் குறைக்கவில்லை, நீளம்தான் கூடியிருக்கிறது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

யோகா அவர் சொன்னதைத் தமிழில் சபைக்குச் சொல்ல எழுந்தார். பாதி சொன்னார். "அக்காவும் தங்கச்சியும்..." என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. கைப்பையைத் திறந்து ஒரு கல்யாண அழைப்பை எடுத்தார். நடு வழியைத் தாண்டி பவானி இருந்த பக்கம் போனார்.

"இஞ்சாருங்கோ," என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். "விளக்குப் பொருந்தட்டும், பேந்து கேப்பம் எண்டு இருந்தனான். இனி இருக்க மாட்டன். முதல்ல அங்கீகாரம், பிறகு பேச்சு எண்டு ரீச்சர் இப்பதானே சொன்னவா. நானும் அப்பிடித்தான். பவானிதான் அபிக்குக் கூறை உடுத்திவிடுவாள்." அழைப்பைத் தங்கையின் கையில் திணித்தார். "வெள்ளிக்கிழமையில சீலைக்கடைக்குள்ள ஒளிச்சு நிண்டது காணும். எங்களை மறிக்க இஞ்ச ஆர் இருக்கினம்?"

பவானி அக்காவைக் கட்டிக்கொண்டு குலுங்கினார்.

வெள்ளிக்கிழமை சேலைக்கடையா? சிவநேசனும் தவராசாவும் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏமாந்தவர்கள் என்ற வகையில் இரண்டு பேரும் இப்போது ஒரே கட்சி. ஆனாலும் பேசவில்லை. ஒருவர் தண்டின் பக்கமும் மற்றவர் அன்னத்தின் பக்கமும் போய் நின்றுகொண்டார்கள், நான் இரண்டையும் திருப்பித் தந்துவிட்டு ஊருக்குப் போகட்டும் என்பது மாதிரி.

பிறகு ரோல்ஸும் தேநீரும் வந்தன. ஹனான் அக்காவையும் தங்கையையும் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்தார். நாப்லூஸில் இருக்கும் சித்திக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். "இவர்களும் அக்கா தங்கை, வேறு வேறு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எழுதுகிறேன். எவ்வளவு தூரம் என்று கண்டிப்பாகக் கேட்பார். கிங்ஸ்பரியிலிருந்து எவ்வளவு நேரம்?"

"கார்ல ஒரு மணித்தியாலம்," என்றார் பவானி.

ஹனான் கைபேசியில் தட்டினார். நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்டோம். பதில் சீக்கிரமே வந்தது. ஹனான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். யோகா பழக்கதோஷத்தில் அதைச் சத்தமாகத் தமிழில் சொல்லிவிட்டார்.

"ஒரு மணித்தியாலம்தானோ? அப்ப ஒவ்வொரு நாளும் சந்திப்பினம், என்ன?"

தவராசா தரையைப் பார்த்தார். சிவநேசன் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"தவம்," என்று தவராசாவைக் கூப்பிட்டார். "காரை எங்க விட்டனீ?"

"பின் றோட்டில அண்ணை. பெர்மிட் வேணுமோ தெரியேல்லை."

"அங்க ஞாயிற்றுக்கிழமையும் ஃபைன் டிக்கெட் அடிப்பாங்கள்." சட்டைப் பையில் வீட்டுச் சாவியைத் தேடி எடுத்தார். "போய் எடுத்துக்கொண்டு வா. நான் கோனை எடுத்துவிடுறன்."